வெள்ளிக்கிழமை வாசகிகள்

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்து, தெரு மறுபடி நடமாடத் தொடங்கிய நேரம். ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வாசகசாலைக்குள் நுழைகிறேன் — மேஜைமேல் பதினொரு புத்தகங்கள்.

ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தது. இரவல் போன அத்தனையும் வந்துவிட்டன. அலமாரியைப் பார்த்தேன். புதிதாக ஒரு புத்தகம்கூட வெளியே போகவில்லை.

வாசகசாலைக்காரன் சந்தோஷப்பட வேண்டிய காட்சிதானே? எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இரவல் போனதெல்லாம் ஒரே நாளில் திரும்பினால் என்ன அர்த்தம்? இனி வரமாட்டோம் என்று அர்த்தம்.

யார் வரமாட்டார்கள்? அதுதான் வேடிக்கை. அவர்களை நான் பார்த்ததே இல்லை!

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

எங்கள் காரைக்கால் வாசகசாலையைப் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு கூடம், மூன்று அலமாரி, இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, ஒரு நான். அவ்வளவுதான். ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் அந்தக் கூடத்துக்கு ஒரு தனி மயக்கம் வந்துவிடும். வேப்பம்பூ வாசனை ஜன்னல் வழியாக வந்து புத்தகங்களுக்குள் புகுந்துகொள்ளும். பதினொரு மணிக்குக் கடல்காற்று எட்டிப் பார்த்து, பத்திரிகைத் தாளை ஒவ்வொன்றாகப் புரட்டும். அது எதைப் படிக்கிறது என்று நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். உத்தியோகம் என்றால் இதல்லவா உத்தியோகம்...

சும்மா கனவு கண்டுகொண்டிருக்கவில்லை. இந்த இளவேனிலுக்கென்று திட்டம் போட்டேன். பனி போனதும் புத்தகங்களை மாடியில் வெயில் காட்டுவது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அறுப்பு முடிந்து ஓய்ந்திருப்பவர்களுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவது. சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படப் புத்தகம். நான்காவது — வெள்ளிக்கிழமை.

பக்கத்துத் தெருக்களிலிருந்து சின்னப் பெண்கள் வருவார்கள். "உம்மா ஒரு கதைப் புத்தகம் கேட்டாங்க." கொடுப்பேன். அரை மணியில் திரும்பி வரும். "இது வேணாமாம். வேறயாம்." வேறு கொடுப்பேன். அதுவும் திரும்பும். எத்தனை நடை! தனக்கு வேண்டிய புத்தகத்தை ஒருவர் தானே எடுத்து, புரட்டி, முகர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாமா?

ஆனால் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குள் அந்த வீட்டுப் பெண்கள் எப்படி வருவார்கள்?

வழி பளிச்சென்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஆண்களெல்லாம் பள்ளிவாசலில் இருப்பார்கள். தெரு காலி. பாங்கு சொன்னதும் கூடத்தைத் திறந்து வைத்துவிட்டு நானும் வெளியேறிவிட வேண்டும். மேஜைமேல் பதிவேடும் பென்சிலும் இருக்கும். பெயர், புத்தகம், தேதி — அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

நிர்வாகக் குழுவில் ஒப்புதல் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செயலாளர், பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், கிளார்க்காக இருந்தவர். ஊர் அவரை இன்னும் முசியே என்றுதான் கூப்பிடும். அவர் கூடச் சரி என்றுவிட்டார். மறுத்தவர் மஸ்தான் நானா; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். வாசகசாலைக்கு எதிரே தையல்கடை வைத்திருப்பவர்.

"பொம்புளைங்க வந்து என்னாங்கனி படிக்கப் போறாங்க? ஊட்டுல வேலை இல்லையா?" என்றார். அளவெடுக்காமலே தைப்பார் என்று ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. பேச்சும் அப்படித்தான்.

"ஒரு மாசம் பார்ப்போம்" என்று முடித்து வைத்தார் முசியே.

முதல் வெள்ளிக்கிழமை நான் அரசலாற்றங்கரையில் போய் உட்கார்ந்தேன். மேலே ஆறு வற்றிக் கிடந்தாலும் இங்கே கடல் தண்ணீர் ஏறி நிற்கும். அது போகிறதா வருகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அதைப் பார்த்தபடி, நான் இல்லாத என் கூடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த அலமாரி முதலில் திறந்திருக்கும்? யாராவது வாய்விட்டுப் படிப்பார்களா? சிரிப்பார்களா?

திரும்பி வந்தபோது பெஞ்சு ஜன்னல் பக்கமாக நகர்ந்திருந்தது. கூடத்தில் லேசாக அத்தர் வாசனை. ஐந்து புத்தகங்கள் போயிருந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். நான் கோடு போட்டுக் கொடுத்த கட்டங்களில் தமிழ் இல்லை. அரபு எழுத்து. பென்சிலால் வரிவரியாக.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நாம் எதை எழுதத் தொடங்கினாலும் மேலே பிள்ளையார் சுழி போடுவதில்லையா... அதுபோல ஓதுகிற வாசகம் எதையோ எழுதிவிட்டுப் புத்தகத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்தி என்று நெகிழ்ந்தேன். பெயர் எழுதத் தெரியவில்லை போலும், பாவம் என்றும் நினைத்தேன்.

அந்தப் 'பாவம்' என்ற சொல்லைத்தான் இப்போது எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அட்லாஸைக் காணவில்லை. பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன பெரிய பூகோளப் படப் புத்தகம். முதுகு பிய்ந்து நூல் தொங்கும். இரவல் கொடுக்கக் கூடாத ஒன்று. முசியே வந்து அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"யாரு எடுத்தாங்க தம்பி?"

"பதிவேட்டுல ஓதுற எழுத்துதாங்க இருக்கு. பேரு இல்லீங்க. எழுதத் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"பேரு இல்லாம புத்தகம் குடுத்தா அது வாசகசாலையா, சத்திரமா? அடுத்த கூட்டத்துல இதை முடிவு பண்ணிடணும். வெள்ளிக்கிழமையை நிறுத்த வேண்டியதுதான்."

நிறுத்துவதா! நான் ஓர் உபாயம் கண்டுபிடித்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஓர் இங்க் பேட் வைத்தேன். அழகான எழுத்தில் ஓர் அட்டையும்: 'எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம்.'

நம்புங்கள், அதை நான் உபகாரமாகத்தான் செய்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். என் தகப்பனாருக்குக் கைநாட்டுத்தான். விரலை ஒற்றி எடுத்ததும் மையைத் தலைமயிரில் தேய்த்துக்கொள்வார். அதில் ஒரு குறைவு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பெயர் எழுத வராதவர்களுக்குக் கதவைத் திறந்து வைக்கிறோம் என்ற பெருமையோடு ஆற்றங்கரைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோதுதான் — அந்தப் பதினொரு புத்தகங்கள்.

இங்க் பேட் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு விரல் படவில்லை. அடுக்கின் அடியில் அட்லாஸ். பிய்ந்திருந்த முதுகு தைக்கப்பட்டு, பச்சை பாப்ளினில் புது உறை. பதிவேட்டில் ஒரே ஒரு வரி. அதே எழுத்து. ஆனால் இந்தத் தடவை பென்சிலை அழுத்தி எழுதியிருந்தது.

ஓதுகிற வாசகத்தை யாராவது இவ்வளவு கோபமாக எழுதுவார்களா?

மறுநாள் காலை பதிவேட்டையும் அட்லாஸையும் தூக்கிக்கொண்டு தையல்கடைக்குப் போனேன். அந்த எழுத்து தெரிந்தவர் பக்கத்தில் அவர்தான்.

"என்னாங்கனி தம்பி, காலையிலேயே இம்மாம் பெரிய புத்தகத்தோட? அதுக்கும் சட்டை தைக்கணுமா?"

"அது ஏற்கெனவே போட்டிருக்கு நானா."

மிஷினை நிறுத்தினார். உறையைத் தடவினார். தையலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இது நம்ம கடைத் துணியாச்சே... இந்தத் தையல்... எங்க ஊட்டுத் தையல்ல இது!"

பதிவேட்டின் கடைசி வரியைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இது ஓதுறது இல்லைங்கனி. தமிழு. அரபு எழுத்துல தமிழு. எங்க பொம்புளைங்க அச்சுல இருக்கிற தமிழைப் படிச்சுடுவாங்க. எழுதுறதுன்னா கைக்கு வர்றது இதுதான். உம்மா, பாட்டியா எல்லாம் இதுலதான் கடுதாசி எழுதுவாங்க."

"அது சரி நானா, என்ன எழுதியிருக்கு?"

ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகப் படித்தார்:

"'தம்பிக்கு. எங்களுக்கு விரல் வைக்கத் தெரியாது. எழுதத்தான் தெரியும்.'"

எதிரே என் வாசகசாலை திறந்து கிடந்தது. மூன்று அலமாரி. எவ்வளவு புத்தகம் படித்தவன் நான்! பரீட்சையில் தேறியவன்! மூன்று வாரமாக ஒரு பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் யார்?

"முன்னாடி இருக்கிறதையும் படிங்க நானா" என்றேன்.

படித்தார். பெயர் இருந்தது. வீடு இருந்தது. புத்தகம், தேதி எல்லாம் இருந்தன. நான் கேட்காதவையும் இருந்தன. 'சமையல் புத்தகம். எழுதினவர் சமைத்ததில்லை.' 'கதைப் புத்தகம். கடைசி இரண்டு பக்கம் கிழிந்துவிட்டது. முடிவை நாங்களே பேசி வைத்துக்கொண்டோம்.' நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

அப்புறம் அட்லாஸ் வரி வந்தது. படித்துக்கொண்டிருந்தவரின் வேகம் குறைந்தது.

"'தையல்கடை வீட்டு ஜுலைகா. பெரிய படப் புத்தகம். என் தம்பி இருக்கிற சைகோனைப் பார்க்கணும். இங்கேயிருந்து ஒரு சாண்கூட இல்லை. இவ்வளவு கிட்டத்திலா இருக்கான்? நோன்புப் பிறைக்குள் தந்துவிடுவேன்.'"

ஜுலைகா, நானாவின் மனைவி. தெருவில் ஒரு மாட்டுவண்டி போனது.

"ஆறு மாசமா மச்சான்கிட்டேருந்து கடுதாசி இல்லை" என்றார் நானா. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே அவ. கேட்டா நான் சொல்லமாட்டேனா, சைகோன் எங்கே இருக்குன்னு?"

"எங்கே இருக்கு நானா?"

"அது... கப்பல்ல போறது."

அட்லாஸைத் திறந்து வைத்தேன். காரைக்காலைக் காட்டினேன். சைகோனைக் காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு நீலம். நானா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். அன்றைக்குத்தான் அவர் அளவெடுத்து நான் பார்த்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு டேப்பைப் பிடித்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். முசியே பதிவேட்டை மேஜைமேல் போட்டார். "பேரில்லாத பதிவேடு. என்ன பண்ணலாம்?"

"பேரு இருக்கு முசியே" என்று எழுந்தவர் மஸ்தான் நானா! "நான் படிச்சுப் பார்த்தேன். ஒரு புத்தகம் பாக்கியில்லை. நம்ம ஆம்புளைங்க எழுதுறதைவிடச் சுத்தமா எழுதியிருக்காங்க."

"எப்போலேருந்து நீங்க அந்தக் கட்சி?"

"நேத்திக்குத் தையல் பிரிஞ்சுது. மாத்தித் தைச்சுட்டேன்."

முசியே பதிவேட்டின் முன்பக்கங்களைப் புரட்டினார். அதெல்லாம் அவரே அந்தக் காலத்தில் பிரெஞ்சில் எழுதியவை. எனக்கு ஓர் எழுத்துப் புரியாது. "இதைப் படிக்க நான் இருக்கேன். அதைப் படிக்க இவர் இருக்கார். நடுவுல உள்ளதைப் படிக்க நீ இருக்கே" என்று என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை இருக்கட்டும். ஆனா, போனவங்க திரும்பி வரணுமே தம்பி?"

அதுதானே! குழு அனுமதித்தால் போதுமா? அவர்கள் என்னை அனுமதிக்க வேண்டாமா?

நானாவிடம் ஓடினேன். "அவங்க எழுத்துல ஒரு வரி எழுதிக் குடுங்க."

"நான் எழுதினா என் கைன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். குத்தம் பண்ணது நீங்க. நீங்கதான் எழுதணும்." ஒரு கறுப்புத் துணித்துண்டை எடுத்து, தையல் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினார்: 'மன்னிச்சிடுங்க. தெரியாமல் செய்தேன். வாங்க.'

நாலு நாள் பழகினேன். வளர்ந்த ஓர் ஆள், வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாக ஊர்ந்து ஊர்ந்து... எழுதிய ஈரத்தின்மேலேயே கை தேய்த்துக்கொண்டு வந்தது. போன வெள்ளிக்கிழமை காலை பதிவேட்டில் மைப்பேனாவால் எழுதி முடித்தேன். அட்டையைக் கிழித்தேன். இங்க் பேடை அலமாரிக்குப் பின்னால் போட்டேன். பாங்கு சொன்னது. ஆற்றங்கரைக்குப் போனேன்.

அன்றைக்குத் தண்ணீர் வருவதாகத்தான் எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள்.

திரும்பி வந்தபோது பெஞ்சு ஜன்னல் பக்கமாக நகர்ந்திருந்தது. பல் விழுந்த வாய் போல அலமாரியில் இடைவெளிகள். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு! அட்லாஸ் இருந்த இடமும் காலி. இவ்வளவு அழகான வெற்றிடத்தை நான் பார்த்ததில்லை.

பதிவேட்டில் என் வரிக்குக் கீழே பென்சிலில் ஒரு பதில். ஜும்ஆ முடிந்து வந்துகொண்டிருந்த நானாவை வாசலிலேயே மடக்கினேன். படித்தார், சிரித்தார்.

"'எழுத்துக் கோணல். பழகினால் வரும்.'"

பிறகு என் முகத்தையே பார்த்தார். "என்னா தம்பி, நெத்தி மயிரெல்லாம் நீலமா இருக்கு?"

தொட்டுப் பார்த்தேன். காலையில் எழுதி முடித்ததும், என்னை அறியாமல் விரலைத் தலையில் தேய்த்திருக்கிறேன்.

பதிவேட்டை மறுபடி பார்த்தேன். என் வரியின் ஓரத்தில், தாளை அழுத்திப் பிடித்த இடத்தில், மையோடு பளிச்சென்று...

அந்தப் பதிவேட்டில் பெருவிரல் ரேகை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. என்னுடையது.