பலாப்பழ வழக்கும் பேச்சுத் தேர்வும்

எஸ்டேட்டில் நான் ரைட்டர். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை, காபிப் பழம் பறிக்க வந்தவர்களின் பேரை எழுதுகிறவன். ஆனால் இங்கிலீஷ் துப்பறியும் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். சுற்றுலா வருகிறவர்கள் லாட்ஜில் விட்டுவிட்டுப் போகும் புத்தகங்கள் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்கு வரும், அங்கிருந்து என் கட்டிலுக்கு அடியில் வந்து சேரும். ஆகவே கொலை, கொள்ளை, மோசடி விஷயங்களில் எங்கள் வீட்டில் நான்தான் பெரிய அதிகாரி என்று எனக்கு ஒரு நினைப்பு. என் மனைவிக்கு அந்த நினைப்பு இல்லை.

அவள் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் பஸ் பிடித்து மலையிறங்குவாள், சாயங்காலம் ஏறி வருவாள். வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், இருதய சிகிச்சைப் பிரிவில் வேலை செய்ய வேண்டும் என்பது அவள் படிக்கிற காலத்து ஆசை. வேலை தருகிறோம் என்று ஒரு ஆஸ்பத்திரி சொல்லியும் விட்டது. இங்கிலீஷ் தேர்வு ஒன்றுதான் பாக்கி, அதிலும் பேச்சு மட்டும்தான். போன தடவை, கேள்விப்பட்ட ஒரு குற்றத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். திருடன் வந்தான், எடுத்தான், போலீஸ் வந்தது என்று மூச்சு விடுவதற்குள் முடித்துவிட்டு, மிச்ச நேரம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

கேட்க வேண்டுமா? அவள் இதைச் சொன்ன மறுநாளே நான் வாத்தியார் ஆகிவிட்டேன். மகளை ஹோம்வொர்க்கில் உட்கார வைத்துவிட்டு, அவளுடைய அம்மாவை எதிரில் உட்கார வைத்துக்கொள்வேன். பூட்டின வீட்டில் புகுந்து எடுத்தால் பர்க்லரி. ஆளை மிரட்டிப் பிடுங்கினால் ராபரி. கடையில் நைசாகப் பைக்குள் போட்டுக்கொண்டால் ஷாப்லிஃப்டிங். நடுவழியில் தாக்கிப் பறித்தால் மக்கிங்.

"ஏனுங்க, எல்லாம் திருட்டுத்தானுங்களே?"

"அப்படிச் சொன்னா மார்க் போட மாட்டாங்கம்மா."

"அப்ப ஏரிகிட்ட கொரங்கு வந்து பையப் புடுங்கிட்டு ஓடுதே, அது?"

கொஞ்சம் யோசித்து, மக்கிங் என்றேன். ஆஸ்பத்திரியில் ஊசிக்கு அழும் குழந்தைகளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்று காட்டுவது அலிபி. ஏன் செய்தான் என்பது மோட்டிவ். கதை படிக்கிறவனைத் தப்பான ஆள்மேல் சந்தேகப்பட வைக்கிற பொய்த்தடயம் ரெட் ஹெர்ரிங். அது ஒரு மீன் என்றும் சொல்லித் தொலைத்தேன். மீனுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்டாள். அது எனக்கும் தெரியாது. அதிகாரியாக இருந்தால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

வார்த்தைகள் வந்துவிட்டன. வார்த்தைகளைப் போட்டுப் பேச ஒரு குற்றம் வேண்டுமே! கொலை வேண்டாம் என்றாள், ஆஸ்பத்திரியில் பார்ப்பதே போதுமாம். நம் பக்கத்தில் நடந்ததாக, சின்னதாக ஒன்று வேண்டும். பக்கத்து ஊரான கரடியூரில் என் கூட்டாளி ஒருவனுக்கு போன் போட்டு, உங்கள் ஊரில் சமீபத்தில் ஏதாவது திருட்டு உண்டா என்று கேட்டேன். அவன் ஊரெல்லாம் சொல்லி வைக்க, மூன்று பேர் என்னைத் திருப்பிக் கூப்பிட்டார்கள், ஒருவரிடமும் சரக்கு இல்லை. குற்றம் இல்லாத ஊரில் குடியிருக்கிறோமே என்று நான் வருத்தப்பட்டது அப்போதுதான்.

அந்த வாரம் எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் மரத்தில் ஒரு பலாப்பழம் காணாமல் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காம்பைக் காட்டினேன். கத்தியால் அறுத்த காம்பு. குரங்கு என்பது ரெட் ஹெர்ரிங், குரங்கு கத்தி வைத்திருக்காது என்று விளக்கினேன். உடனே விசாரணையில் இறங்கினேன்.

பக்கத்து வீட்டில் எங்கள் எஸ்டேட்டிலேயே பழம் பறிக்கிற அக்கா இருக்கிறார். முதலில் அவரைப் பிடித்தேன். குரலைக் கனமாக வைத்துக்கொண்டு, "நேத்துச் சாயங்காலம் எங்க இருந்தீங்கக்கா?" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஐயோ, ரைட்டருங்க ஊட்டுக்கு வந்தீங்களா? கதவு சாத்திக் கெடந்துச்சா? ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமப் போச்சே! உக்காருங்க, காபி வெக்கறேன்."

அலிபி கேட்கப் போனவன் காபி குடித்துவிட்டு வந்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அதே அக்கா ஒரு குண்டா நிறையச் சுளையும், முறத்தில் கழுவிக் காயவைத்த கொட்டையுமாக வந்தார். "பழம் மணக்க ஆரம்பிச்சிருச்சுங்க. நீங்க ரெண்டு பேரும் ஊட்டுல இல்ல. உட்டா கொரங்கு தொட்டுருமேன்னு எறக்கிட்டோம். கொட்ட பூராம் உங்குளுக்குத்தான்."

எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் அதுதான் வழக்கம். பலாப்பழம் மணக்க ஆரம்பித்தால், முதலில் மணம் பிடித்தவர் இறக்கலாம். அறுத்து எல்லா வீட்டுக்கும் பங்கு வைத்துவிட்டு, கொட்டை முழுவதையும் மரத்துக்காரர் வீட்டில் சேர்த்துவிட வேண்டும். இத்தனை வருஷமாக நானே எத்தனையோ மரத்துப் பழத்தைத் தின்றிருக்கிறேன். ஆனால் துப்பறியும் கதை தலைக்கேறியவனுக்கு இதெல்லாம் எங்கே நினைவு வரும்? குற்றவாளி தடயத்தைத் தானே கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் பலாக்கொட்டைக் குழம்பு.

"இதையே சொல்லிருட்டுங்களா?" என்றாள்.

"இது குற்றமே இல்லம்மா, என்னத்தச் சொல்லுவ?"

"குத்தமில்ல, விடுதலைன்னு சொல்லுவேன். அக்விட்டல். சரிதானுங்களே?"

சரிதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தேர்வு அன்றைக்கு நானும் சேலத்துக்குப் போயிருந்தேன். வெளியே வந்தவள் நேராகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். போச்சு என்றுதான் நினைத்தேன். பாதி மலை ஏறியதும் அவளாகவே சொன்னாள்.

"பலாப்பழக் கதையக் கேட்டு, பரீட்சை வெச்ச அம்மா நல்லாச் சிரிச்சாங்க. அப்பறம், இருக்கறதுலயே கடுமையான தண்டன எதுன்னு கேட்டாங்க. சாலிட்டரி கன்ஃபைன்மென்ட்டுன்னு சொன்னேன்."

தனிச்சிறை. நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். சபாஷ் என்றேன்.

"ஏன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"காத்தால புள்ளைக்கு வேற ஆரோ தல பின்னி உடுவாங்க. நாம எங்கியோ ஒரு ரூமுல தனியா உக்காந்து, இந்நேரம் அங்க பின்னி முடிச்சிருப்பாங்கன்னு கடியாரத்தப் பாத்துக்கிட்டு இருக்கோணும். அதவுட மத்த தண்டனையெல்லாம் நொம்பக் கம்மிதானுங்கன்னு சொன்னேன்."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அவள் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேறிவிட்டாள். எல்லாவற்றையும்விடப் பேச்சில்தான் அதிக மதிப்பெண். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போட்டுத்தான் அவளை அனுப்புகிறார்கள். அவள் போக வேண்டும் என்றும் இருந்தது, போகக் கூடாது என்றும் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகள் மட்டும் பிளேன் எந்தப் பக்கம் பறக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வரட்டுங்களா?" என்று என் மனைவி என்னிடம் அனுமதி கேட்டாள். போய்ட்டு வா என்று சொல்லிவிட்டு எஸ்டேட்டுப் பக்கம் நடந்துவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவள் கிளம்ப இன்னும் நாள் இருந்தது. அடுத்த நாள் காலையிலேயே மகளை என் முன்னால் உட்கார வைத்து, சீப்பை என் கையில் கொடுத்தாள். முடியை மூன்றாகப் பிரிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஒரு பின்னல் காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே.

"அம்மா, அப்பா இழுக்கறாருமா, நீயே பின்னி உடு" என்று மகள் கத்தினாள்.

"அப்பாவே பின்னுவாங்க சாமி, அசையாத" என்றாள். என்னைப் பார்த்து, "அவுத்துட்டு இன்னொருக்காப் போடுங்க" என்றாள். அவிழ்த்தேன். அவள் கிட்டத்திலேயே நின்றாள், கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.