பிரேக் அக்காவின் கறுப்புக் கம்பிகள்

எங்கள் டிப்போவில் பிரேக் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. பேருந்தை அவர் நிறுத்துவது உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் நகரக் காணோமே என்று பார்த்துத்தான், ஓகோ, இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று எழுந்துகொள்வார்கள். அக்கா வண்டியில் நின்றுகொண்டே கண்ணுக்கு மை தீட்டலாம் என்று காலையில் வேலைக்குப் போகும் பெண்கள் சொல்வார்கள். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. ஓட்டுநர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் மேல் ஒரு புகாரும் கிடையாது. அவருக்குப் பெரிய ஆசை என்று ஏதும் இருந்ததாகவும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. பேஸ் கிட்டார் வந்து சேரும்வரை.

அது வந்த கதை வேடிக்கையானது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் போட்டுவைக்க டிப்போவில் ஓர் அறை உண்டு. குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு முறை பல்செட்கூட வந்திருக்கிறது. ஒருநாள் கடைசி இருக்கையில் நீளமான கறுப்புப் பை ஒன்று கிடந்தது. உள்ளே அடிக்குரலில் மட்டும் பேசும் நாலு கம்பி பேஸ் கிட்டார். அறிவிப்பு ஒட்டினோம், காத்திருந்தோம், யாரும் வரவில்லை. கெடு முடிந்த பிறகு அறையைப் பார்த்துக்கொள்பவர், "யாராவது எடுத்துட்டுப் போங்கப்பா, இதனால அலமாரிக் கதவு சாத்த மாட்டேங்குது" என்று கத்தினார்.

சாவி எடுக்க வந்த அக்கா சும்மா இருக்காமல் தடித்த கம்பியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அலமாரியில் இருந்த கண்ணாடிப் பாட்டில்கள் எல்லாம் கிணுகிணுத்தன. அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டார்.

"இங்க வந்து உக்காருது" என்றார். "வண்டி ஸ்டார்ட் ஆகி நிக்கிறப்ப இப்படித்தான் இருக்கும்."

அன்றைக்கே அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் மெக்கானிக்குக்கு ஏற்கெனவே கிட்டார் வாசிக்கத் தெரியும். அவர்தான் ஆரம்பத்தில் விரல் வைக்கக் காட்டிக்கொடுத்தார். மீதியை அக்கா கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். டிரம்ஸ் வாசிக்க டிக்கெட் பரிசோதகர் வந்தார். வண்டி கழுவும் பிரிவில் வேலை செய்யும், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் பெண் பாட வந்தாள். டயர் அடுக்கும் அறையில் பயிற்சி. அவ்வளவு ரப்பரையும் தாண்டிச் சத்தம் வெளியே போகாது. குழுவுக்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பெயர் வைத்தவர் பரிசோதகர்தான். "நாம வாசிக்கிறதப் பாத்தா முன்னாடி போற மாதிரி தெரியல, அதான்" என்றார்.

அக்காவின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் முடி வெட்டுபவர் அவர்தான். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். முதல் தடவை பயிற்சியைக் கேட்க வந்தவர் முழுதும் உட்கார்ந்து ரசித்துவிட்டு, கடைசியில் அக்காவிடம் கேட்டார்:

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆமா, நீ எப்ப வாசிச்ச?"

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அவரோடு பேசவில்லையாம்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கிட்டாரோடு வந்த கம்பிகள் பழையவை. நாடாபோல வழவழவென்று இருக்கும். சத்தமும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல அமுங்கித்தான் வரும். அந்தச் சமயத்தில்தான் டிப்போவுக்குப் புது பேட்டரி பேருந்துகள் வரப்போவதாகவும், ஊழியர்களின் குடும்பங்களை அழைத்து ஒரு விழா வைக்கப்போவதாகவும், அதில் ரிவர்ஸ் கியர் வாசிக்க வேண்டும் என்றும் மேனேஜர் சொன்னார். விழாவுக்கு முன்னால் அக்காவின் பிறந்தநாள் வந்தது. மெக்கானிக் தலைமையில் குழுவினர் புதுக் கம்பி செட் வாங்கிப் பரிசு கொடுத்தார்கள். வெள்ளிபோல மின்னியது. மெல்லிய சுருள் சுற்றிய கம்பிகள். தடவினால் திருகாணி மரைபோல விரலில் நெருடும்.

"இனிமே நீங்க வாசிச்சா அடுத்த தெருவுக்குக் கேக்கும்க்கா" என்று மெக்கானிக்கே மாட்டிக் கொடுத்து, பழையதைச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

சொன்னது சரிதான். 'டங்' என்று மணி அடித்ததுபோலக் கேட்டது. அன்றைக்கு மாமா வந்து கேட்டுவிட்டு, "அட, இதுதான் நீயா!" என்று எழுந்து நின்றே கை தட்டினார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பேருந்தில் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்ததாகப் பயணிகள் வந்து சொன்னார்கள்.

சில நாள்களிலேயே விரல் அரிக்க ஆரம்பித்தது. வலது கையில் இரண்டு விரல்; இடது கையில் கட்டைவிரலைத் தவிர எல்லா விரல் நுனியும். சிவந்து, பொரிந்து, தோல் உரிந்தது. முதல் பழி ஸ்டீயரிங் மேல் விழுந்தது. அலுவலகத்தில் உறையை மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. மாமா பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு பூண்டு. அதையும் மாமாவே உரித்தார். டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். போட்டால் அடங்கும், விட்டால் திரும்பி வரும். அக்கா விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாசித்தார். வழுக்கியது, தாளம் தள்ளிப்போனது.

"அக்கா, இப்பல்லாம் பிரேக் கொஞ்சம் லேட்டாப் புடிக்குதே" என்று பரிசோதகர் டிரம்ஸ் பக்கத்திலிருந்து சொன்னார்.

கம்பியாக இருக்குமோ என்ற சந்தேகம் அக்காவுக்கு வராமல் இல்லை. ஆனால் ஆசையாசையாக வாங்கிக் கொடுத்ததைப் போய் எப்படிச் சொல்வது? அதோடு, இப்போதுதான் மாமா காதில் விழ ஆரம்பித்திருக்கிறார். அதனால் டாக்டரிடம்கூட கிட்டார் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

இரண்டாம் முறை டாக்டரிடம் மாமாவும் கூடப் போனார். "வேற என்ன தொடுறீங்க? யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா கேட்டதும் அக்கா விட்டத்தைப் பார்த்தார்.

மாமா சும்மா இருப்பாரா? "கிட்டார் வாசிக்கிறாங்க டாக்டர்! இப்ப என்னமா கேக்குது தெரியுமா! புதுக் கம்பி போட்டதுல இருந்து..."

பாதியில் அவரே நிறுத்திவிட்டார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள் தடவிய சின்னச் சின்னப் பட்டைகளை முதுகில் ஒட்டி அனுப்பினார். எந்தப் பட்டைக்குக் கீழே தோல் சிவக்கிறதோ அதுதான் ஆகாத பொருள். பட்டைகளை எடுக்கும்வரை அக்கா இருக்கையில் முதுகு படாமல் விறைப்பாக உட்கார்ந்து வண்டி ஓட்டினார். அவருக்கு ஏதோ பதவி உயர்வு வந்துவிட்டது என்று டிப்போவில் பேச்சு கிளம்பியது. கடைசியில் சிவந்தது நிக்கல் பட்டை. அந்தப் புதுக் கம்பியின் மேல் பூசியிருப்பதும் அதுதான்.

"அப்ப கிட்டார விட்டுடணுமா டாக்டர்?" என்று கேட்டார் அக்கா.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? கம்பிய மாத்துங்க. வாசிக்கிறத விடச் சொல்றதா இருந்தா என் தம்பியத்தான் சொல்லணும். வீட்ல டிரம்ஸ் வெச்சிருக்கான்."

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். குறுகலான மாடிப்படி; மேலே சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. கடைக்காரப் பெண்மணி அக்காவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று பொட்டலங்களை மேசை மேல் வைத்தார்.

"இது துருப்பிடிக்காத எஃகு. இதுலயும் நிக்கல் கொஞ்சம் கலந்திருக்கும், ஆனா லேசுல வெளிய வராது. நிறையப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது, ஒரு சிலருக்குப் பண்ணும். இது நீங்க இப்ப மாட்டியிருக்கற நிக்கல் கம்பி மாதிரிதான், மேல மெல்லிசா ஒரு பூச்சு. பூச்சு தேஞ்சா திரும்பவும் அரிக்கும். இதுல கம்பி மேல நைலான் நாடா சுத்தியிருக்கு. உங்க விரல் உலோகத்தையே தொடாது. ஆனா சத்தம் வேற மாதிரி இருக்கும். வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

மூன்று வகையும் மாட்டிய கிட்டார்கள் கடையிலேயே இருந்தன. அக்கா முதலில் எஃகை எடுத்தார். கணீரென்றது. மாமா முகம் மலர்ந்தது. "இதான்! உன்னத் தனியாக் கேக்க முடியுது" என்றார். பூச்சுக் கம்பியும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாவது கறுப்புக் கம்பி. தடிமனாக, மின்கம்பிபோல இருந்தது. அக்கா மெதுவாகத் தடவிப் பார்த்தார். நெருடல் இல்லை. சுண்டினார். 'தும்' என்று உருண்டையாக ஒரு சத்தம் கிளம்பி, தரை வழியாகப் போய் அடங்கியது.

மாமா உதட்டைப் பிதுக்கினார். "மறுபடியும் போர்வைக்குள்ள போயிட்ட."

அக்காவுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அடுத்த தெருவுக்குக் கேட்ட ருசி அவ்வளவு சீக்கிரம் போகுமா? இருந்தாலும் கிட்டாரைக் கீழே வைக்க மனமில்லாமல், விழாவில் வாசிக்க வேண்டிய பாட்டை முதலிலிருந்து வாசித்துப் பார்த்தார். பிளாஸ்திரி இல்லை, அரிப்பு இல்லை. விரல் தன் பாட்டுக்கு ஓடியது. ஒரு மூலையில் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்தவர் அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தலை ஆடியது. கடைக்காரப் பெண்மணி ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்குவது தாளத்துக்கு நடந்தது. மாமா விலைப்பலகையைப் படித்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றார் அக்கா, வாசிப்பதை நிறுத்தாமல். "உங்க காலப் பாருங்க."

மாமா குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எப்ப ஆரம்பிச்சுது?" என்றார்.

"இதையே குடுங்க" என்றார் அக்கா கடைக்காரப் பெண்மணியிடம்.

வாங்கியாயிற்று, மாட்டுவதில்தான் சிக்கல். கிட்டார் கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரப் பள்ளம் வெட்டிய சின்னப் பட்டை ஒன்று இருக்கும். கறுப்புக் கம்பிகளின் தடிமனுக்கு அந்தப் பள்ளங்கள் போதவில்லை. ராவி அகலப்படுத்த வேண்டும். டிப்போவில் அந்த மாதிரி நுணுக்கமான வேலைக்கு மெக்கானிக்கை விட்டால் ஆள் கிடையாது. ஆக, அவரிடமே போய்ச் சொல்லியாக வேண்டும்.

பணிமனையில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தவரிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னார், அவர் கால்களைப் பார்த்தபடியே. முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. பிறகு மெக்கானிக் உருண்டு வெளியே வந்தார்.

"ஏன்க்கா, இத்தன நாளா அரிச்சுக்கிட்டா வாசிச்சீங்க?"

"நீ ஆசையா வாங்கிக் குடுத்த இல்ல..."

"நான் உங்களுக்குச் சொறி வாங்கிக் குடுத்திருக்கேன், நீங்க தேங்க்ஸ் வேற சொல்லியிருக்கீங்க!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டியிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லிய அரத்தைத் தேடி எடுத்தார். ஒரு இழை ராவுவார், ஊதுவார், கம்பியை வைத்துப் பார்ப்பார், மறுபடி ராவுவார். எஞ்சினுக்குக்கூட அவர் இவ்வளவு பொறுமை காட்டி நாங்கள் பார்த்ததில்லை.

அன்று பயிற்சியில் மெக்கானிக், "கொஞ்சம் மந்தமா இல்ல?" என்று இழுத்தார். பாடுகிற தங்கச்சி உடனே, "ஐயோ, மாத்திடாதீங்க. இத்தன நாளா அக்கா கம்பிகூட நான் சண்ட போட்டுக்கிட்டே பாடினேன். இன்னைக்குத்தான் மூச்சு விட எடம் கெடச்சுது" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

விழா பணிமனையிலேயே நடந்தது. தகரக் கூரை; மைக்கில் இருமினால்கூட நாலு பக்கமும் எதிரொலிக்கும். வந்தவர்கள் முதலில் நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வாசிக்க ஆரம்பித்ததும் பின்வரிசையில் முதலில் ஒரு அம்மா எழுந்தார், பிறகு அவர் மருமகள், பிறகு கணக்குப் பிரிவு மொத்தமும். பிள்ளைகள் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அதிர்வு வரும்போதெல்லாம் கீச்சிட்டார்கள். எந்நேரமும் உர்ரென்று இருக்கும் மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடியதைப் பரிசோதகர் பார்த்துவிட்டு, சிரிப்பில் ஒரு குச்சியைத் தவறவிட்டார். அந்த இடத்தில் அக்கா மட்டும் தனியாக வாசித்து அவர் குச்சியைப் பொறுக்கும்வரை பாட்டைத் தாங்கிப் பிடித்தார். மாமா கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "அந்தத் தும் தும் யாருன்னு நெனச்சீங்க? நம்ம வீட்டம்மா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கேட்டது. வாசித்தார்கள். அதற்கப்புறமும் ஒருவரும் நகரவில்லை. மாலை வண்டிகள் கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது, வழியெல்லாம் ஆட்டம். வியர்த்து நின்ற மேனேஜருக்குத் திடீரென்று தன் வேலை ஞாபகம் வந்து, "ஆறாம் நம்பர் வண்டிக்கு யாருப்பா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் அக்கா மேடையிலிருந்து.

கிட்டாரை மாமா கையில் கொடுத்துவிட்டு, மேடைக்கென்று போட்டிருந்த பளபளக்கும் சட்டையோடு அப்படியே போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். மாமா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டுக் கை தட்டியது. அக்கா ஹாரன் அடித்து எங்கள் டிப்போவில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு வாசலைத் தாண்டும்போது அடித்தார். திருப்பத்தில் வண்டி மறையும்வரை கையை எடுக்கவேயில்லை.