அம்மணி இளைத்த வருஷம்

பூனையைத் தேடிப் போய் வளர்க்கிற குடும்பமல்ல எங்களுடையது. மாடு வைத்திருந்தோம், கோழி வைத்திருந்தோம். பூனை என்றால் அதுவாக வரும், அதுவாகப் போகும். தொண்ணூறுகளின் நடுவில், மதுக்கரையில் சிமெண்டு ஆலை வேலை முடிந்து என் வீட்டுக்காரர் வீட்டோடு இருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்கடத்துக்கு மீன் வாங்கப் போனவர், மீன் இல்லாமல், ஒரு கூடையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். மீன்கடைக்காரர் கடையைக் கட்டிவிட்டு வால்பாறைப் பக்கம் குடிபோகிறாராம். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் இதைத் தூக்கிப் போக முடியாதென்று வாடிக்கைக்காரர் தலையில் கட்டிவிட்டார்.

கூடையைத் திறந்தேன். அதற்கு எழுந்து வெளியே வரவே நேரமாயிற்று. வயிறு தரையைத் தொட்டது.

"ஏனுங்க, இது பூனைங்களா, பன்னிக்குட்டிங்களா?"

"மெதுவாப் பேசு புள்ள. அம்மணிக்குக் காதுல உளுந்துரும்."

அன்று முதல் அது அம்மணி. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னை அவர் ஒருநாளும் அம்மணி என்று கூப்பிட்டதில்லை. அதைச் சொல்லிக் காட்டினேன். "நீ மீன் திங்கறப்ப அந்த மாதிரி கண்ணை மூடித் திங்கறயா?" என்றார்.

வயிற்றைப் பார்த்துச் சினை என்றே நினைத்தோம். மூலையில் சாக்கு விரித்து, பழைய சேலையைக் கிழித்துப் போட்டு, குட்டி போடும் போடும் என்று காத்திருந்தோம். போடவில்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. முதுகை நக்க முடியாமல் மயிர் சடை பிடித்தது. கடைசியில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குட்டியுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. பூராவும் கொழுப்புங்க. இப்படியே உட்டீங்கன்னா வெயில் காலம் தாங்காதுங்கம்மா."

பால், நெய் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கிளம்பும்போது வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார். "ஒரேயடியாப் பட்டினி போட்றாதீங்க. குண்டுப் பூனை பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுச் செத்துப்போகும்." அந்தச் சொல் என் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு காரியத்தை எடுத்தால் நான் பாதியில் விடுகிறவள் அல்ல. ஒரு கொட்டாங்குச்சியைத் தேய்த்து எடுத்து, அதில் கொள்கிறதுதான் அதன் சாப்பாடு என்று வைத்தேன். கயிற்று நுனியில் தேங்காய் நாரைக் கட்டி வாசலில் இழுத்துக்கொண்டு நடப்பேன். அம்மணி பின்னால் வரும், பாதி வழியில் படுத்துக்கொள்ளும். பின்பக்க மதிலோரம் இருந்த துவைக்கிற கல் இடுப்புயரம்கூட இராது. "அந்தக் கல்லு மேல தானா ஏறட்டும், அன்னைக்கு அதுக்கு முழு மீனு" என்று அவர் பந்தயம் வைத்தார்.

அவ்வப்போது மஞ்சள் பையில் போட்டுப் பழைய பேப்பர் கடைத் தராசில் எடை பார்ப்போம். "ஏனுங்க, இதைப் பேப்பர்ல சேர்த்தறதுங்களா, இரும்புல சேர்த்தறதுங்களா?" என்று கடைக்காரர் கேட்பார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் எண் எனக்கு நன்றாகத் தெரியும். தராசில் நானே பார்ப்பேன். ஒரு தடவைகூட எடை இறங்கவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், யாராவது சோறு போடுகிறீர்களா என்று கேட்டேன். ஒருவர் வீட்டுப் படியேறி ஒன்று கேட்பது எனக்குப் பழக்கமில்லை. பூனைக்காகக் கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் சாப்பிட்ட தட்டிலேயே அடுத்து நான் போட்டுச் சாப்பிடுவேன். என் அம்மாவும் அப்படித்தான். யாரும் சொல்லிச் செய்வதல்ல, பழக்கம். அவர் தட்டு எப்போதும் வழித்தெடுத்தமாதிரி இருக்கும். அதைப் பார்த்தால் என் சமையல் மேல் எனக்கே ஒரு கர்வம் வரும்.

ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, மோருக்குக் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வரும்போது பார்த்தேன். உருட்டின சோற்றுக் கவளத்தை, உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பலகைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தார். அடியில் அம்மணி.

"நல்லாருக்குதுங்க. நான் கயித்தை இழுத்துட்டு ஊரு சிரிக்க நடக்கறேன், நீங்க இங்க உக்காந்து ஊட்டறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கையை உதறிக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வாட்ச் முழங்கை வரை போகிற அளவுக்கு ஆடியது.

"எனக்கு எறங்க மாட்டேங்குது புள்ள. கொஞ்ச நாளாவே அப்படித்தான். தட்டுல மிச்சம் வெச்சா நீ கண்டுபுடிச்சுருவீல்ல."

பூனையை நிறுத்தேன், இவரை நிறுத்துப் பார்க்கவில்லை. அம்மணி இளைக்க வேண்டியதையெல்லாம் இவர் இளைத்திருந்தார்.

கோயமுத்தூர் பெரிய டாக்டர், தொண்டைக்குக் கீழே உணவு போகிற குழாயில் கட்டி என்றார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியே வீடாயிற்று. பக்கத்து வீட்டில் சொல்லி அம்மணிக்குக் கொட்டாங்குச்சிச் சோறு வைக்கச் செய்தேன். நான் துணி மாற்ற வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"கல்லு மேல ஏறுச்சா?"

"ஏறிருமுங்க. நீங்க வந்து பாருங்க."

அவர் வரவில்லை. கொண்டுதான் வந்தார்கள்.

அம்மணி பலகைக்கு அடியிலேயே கிடந்தது. கொட்டாங்குச்சியைத் தள்ளி வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. நெய் ஊற்றிக் கொடுத்தேன். மீன் வாங்கி வரச் சொல்லி, முள் எடுத்துக் கொடுத்தேன். இத்தனை நாள் எதையெல்லாம் தராமல் இருந்தேனோ அதையெல்லாம் முன்னால் வைத்தேன். விரலைப் பாலில் நனைத்து வாயில் தடவினால் இரண்டு நக்கு நக்கும், அவ்வளவுதான். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பட்டினி கிடந்தால் செத்துப்போகும் என்று டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. "இதையும் கூட்டிட்டுப் போயிறாதீங்க மாமா" என்று அவர் படத்தைப் பார்த்துச் சொன்னேன். யாரிடமும் எதையும் கெஞ்சினவள் அல்ல நான்.

கருமாதி அன்று அவருக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைசலும், சோறும், நெய்யுமாக ஓர் இலையில் போட்டு, பின்பக்கம் மதில் மேல் வைத்தோம். காக்கை வந்து எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். சொந்தமெல்லாம் அண்ணாந்து நின்றது. என் வீட்டுக்காரரின் அக்கா, கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்கையைக் காணோம்.

அம்மணி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மெதுவாக நடந்து, துவைக்கிற கல்லின் முன்னால் நின்றது. ஒரு தாவு, கல் மேல். இன்னொரு தாவு, மதில் மேல். இலையில் வாயை வைத்தது.

"அய்யோ, சனியனே! எம்பட தம்பி சோத்தை!" என்று நாத்தனார் குச்சியை எடுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க நங்கையா. அவரு சோத்தை அது இன்னைக்குத்தான் புதுசாத் திங்குதுங்களா?"

அது கண்ணை மூடிக்கொண்டு தின்றது. கடைசலோடு பிசைந்த பக்கத்தை மட்டும் தின்று, பாதியை விட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டது.

கல்லு மேல் ஏறிவிட்டது என்று சொல்ல எனக்கு ஆளில்லை.

காக்கை எடுக்காத கருமாதி என்று சொந்தத்தில் இன்றும் பேச்சு உண்டு. பேசட்டும். அன்று எனக்குத் தனி இலை போட்டு வைத்திருந்தார்கள். நான் அதில் உட்காரவில்லை. மதில் மேலிருந்த இலையை இறக்கி வந்து, மிச்சத்தை நான் சாப்பிட்டேன்.