நீலாயதாட்சி சொல்லாத கருத்து

"வெஷம் கலந்த அந்த டம்ளரு ஆறு வாரமா அதே மேசை மேலதான் இருக்கு. மருமவளும் குடிக்க மாட்டேங்கிறா, மாமியாளும் எடுக்க மாட்டேங்கிறா. அந்த வீட்டுல பாத்திரம் கழுவ ஒரு ஆளு கெடையாதா?" என்று கேட்டுக்கொண்டே நீலாயதாட்சி ஒரு சங்கரா மீனின் வயிற்றைக் கீறி, குடலை வேலியோரம் எறிந்தாள். அதற்காகக் காத்திருந்த இரண்டு பூனைகளுக்குள் சண்டை மூண்டது. அந்தத் தொலைக்காட்சித் தொடரைத் தவறாமல் பார்க்கும் வீட்டுக்காரி டம்ளருக்கு ஒரு சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் நீலாயதாட்சி வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டாள்.

"பாட்டுப் போட்டிக்கு நம்மள ஓட்டுப் போடச் சொல்றான். போடுறோம். எண்ணுறது யாரு? பஞ்சாயத்து எலெக்சன்லயாவது ரெண்டு பக்கமும் ஏஜெண்டு உக்காந்திருப்பான். இங்க எவன் உக்காந்திருக்கான்?"

மீன் நறுக்கி முடிந்தது. கருத்து முடியவில்லை. வண்டியைக் கிளப்பிய பிறகும் தலையைத் திருப்பி எதையோ சொல்லிக்கொண்டே போனாள். காற்று பாதியைக் கொண்டுபோய்விட்டது.

மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியை மொபெட்டின் பின்னால் கயிறு கட்டி, பட்டுக்கோட்டையைத் தாண்டி ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்பது அவள் தொழில். கடற்கரை மணலில் புறப்படுகிற வண்டி, புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயின் கரையில் ஏறும்போது இருபுறமும் நடவு வயல். ஏலம் எடுக்கிற பெண்கள் பலர் பக்கத்து ஊர்ச் சந்தைகளோடு நின்றுவிடுவார்கள். நீலாயதாட்சிக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பது ஒத்துவராது. உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்பாள். உண்மையில், உட்கார்ந்தால் பேச்சுக்கு ஆள் மாறுவதில்லை. வீட்டிலும் அதே கதைதான். கணவர் வீரமணி படகோட்டி. கடலில் இருந்து வந்தால் சாப்பாடு, பிறகு தூக்கம். மகள் அபிநயா தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, பேசுவதற்குச் சாலைதான்.

மீன்பெட்டியில் ஸ்கேன் செய்கிற அட்டை ஒட்டியிருக்கிறது. பணம் வந்ததைச் சொல்கிற சின்ன ஒலிபெருக்கியும் முன்பு இருந்தது. அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நான் பேசுறப்பல்லாம் அது குறுக்க பேசுது."

அவளுடைய கருத்துகளில் ஒரு விசேஷம் உண்டு. துறைமுகத்தில் புறப்பட்டபோது இருந்த கருத்து, கடைசி ஊரில் இருக்காது. பிள்ளைகளிடமிருந்து செல்போனைப் பிடுங்கிக் கடலில் எறிய வேண்டும் என்று மல்லிப்பட்டினத்தில் சொல்வாள். பட்டுக்கோட்டை டீக்கடையில் யாராவது, "பள்ளிக்கூடத்துலயே பாடத்தை செல்லுலதானே அனுப்புறாங்க" என்பார்கள். சாலை முழுக்க அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆலங்கரைக்காட்டுக்குள் வண்டி நுழையும்போது, "செல்லப் புடுங்கணும்னு சொல்றானே, அவனப் போல மடையன் உண்டா?" என்று ஆரம்பிப்பாள்.

அந்த ஊரில் அவளுக்கு நெடுநாள் வாடிக்கையான குந்தவை ஒருமுறை கேட்டாள்: "ஏன் நீலா, போன வாரம் நீயே அந்த மடையன் கட்சியிலதானே இருந்த?"

"எதிராளி சொல்றது சரின்னா ஏத்துக்க வேண்டாமாக்கா? ஒரே கருத்த நாள்கணக்குல வெச்சிருக்க நான் என்ன ஐஸ் பெட்டியா?"

மாறாத கருத்து ஒன்றே ஒன்று இருந்தது. அது சட்டம் பற்றியது. "தப்பு பண்ணவன உள்ள தள்ளணும். மன்னிக்கிறதெல்லாம் சினிமாவுல கடைசிப் பத்து நிமிசத்துக்கு. ஈரோ ஊரையே வெட்டிட்டு வருவான், அவன மன்னிச்சு மாலையும் போட்டுடுவாங்க. நம்மூரு ஆளு ஒருத்தன் வாய்க்கா மடைய மாத்தி வெச்சா அவன் பேரன் வரைக்கும் கோர்ட்டுக்கு அலையுறான். இதுல எது சட்டம்?"

இந்தப் பேச்சைத்தான் அறிவுச்செல்வன் முதலில் படம் எடுத்தான். ஒரத்தநாட்டில் பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருப்பவன். முப்பது வயதைத் தாண்டியவன். கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ எல்லாம் உண்டு. கடைவாசலில் மீன் வாங்க வந்தவன் செல்போனை நீட்டினான். அவள் கத்தியை நிறுத்தாமல் பேசினாள். 'மீனக்கா கருத்து' என்று தலைப்புப் போட்டு ஏற்றினான். நாலே நாளில் பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்தில் தெரியாதவர்கள் எல்லாம் "அக்கா, இன்னைக்கு என்ன கருத்து?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு அவன் கடை வாசலில் வண்டி நிற்காத நாளே இல்லை. புதுப்படம், பெட்ரோல் விலை, ஆன்லைன் ரம்மி, நீதிமன்றத் தீர்ப்பு என்று அவன் கேட்க, அவள் பேசினாள். ஒருநாள் ஏஐ பற்றிக் கேட்டான்.

"அது நம்மள மாதிரியே பேசுமாமே? பேசட்டும் தம்பி. எனக்கும் தொண்டை வலிக்குது. நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்துக்கறேன்."

அந்தத் துண்டுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பார்த்தது.

ஊராட்சித் தேர்தல் அறிவித்த பிறகு அறிவுச்செல்வனுக்கு வேலை கூடிவிட்டது. ஆலங்கரைக்காட்டில் போட்டியிட்ட இரண்டு தரப்பில் ஒரு தரப்புக்குப் பேனர், வீடியோ எல்லாம் அவன்தான். நீலாயதாட்சியைப் படம் எடுக்க நேரமில்லை என்று இரண்டு நாள் சொன்னான். மூன்றாம் நாள், அவள் துறைமுகத்தில் ஏலத்துக்கு நிற்கும்போது அபிநயாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, ஆலங்கரைக்காட்டப் பத்தி நீ ஏதாச்சும் பேசினியா?"

"தெனமும்தான் பேசுறேன். என்னன்னு சொல்லு."

அபிநயா ஒரு வீடியோவை அனுப்பினாள். அதில் நீலாயதாட்சி இருந்தாள். அவள் முகம், அவள் குரல், கையில் அவள் கத்தி. "ஆலங்கரைக்காட்டுப் பொம்பளைங்க ஒரு சேலைய வாங்கிட்டு ஓட்ட வித்துட்டாங்க. மானம் உள்ளவ ஒருத்திகூட அந்த ஊர்ல இல்ல" என்று அந்த நீலாயதாட்சி சொன்னாள். அடியில், எதிர்த்தரப்பு புடவை கொடுத்து ஓட்டு வாங்குகிறது என்று கொட்டை எழுத்தில் ஓடியது.

ஏலம் விட்டவர் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் காதில் விழவில்லை. படகுத்துறையின் ஓரத்துக்குப் போய்த் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். முதலில் வந்தது கோபம் அல்ல, சந்தேகம். பேச்சுவாக்கில் எங்கேயாவது சொல்லித் தொலைத்தோமோ? எவ்வளவோ பேசுகிறோம், எல்லாமா நினைவிருக்கிறது? நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள். எத்தனையாவது தடவையோ கேட்டபோதுதான் பிடிபட்டது.

"சேலையா?" என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் பொறந்ததுலேருந்து பொடவைன்னுதான் சொல்லுவேன். சேலைன்னு என் வாயில வராது!"

அந்த நிம்மதி ஆலங்கரைக்காடு வரைதான் நீடித்தது. ஹாரனை அழுத்தினாள். ஒரு வீட்டிலும் பாத்திரம் எடுத்துக்கொண்டு யாரும் வரவில்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். குந்தவை மட்டும் இரும்புக் கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றாள். கதவைத் திறக்கவில்லை.

"அக்கா, அது நான் இல்ல. கம்ப்யூட்டர்ல பண்ணியிருக்கானுவ."

"ஒன் மூஞ்சி, ஒன் கொரலு."

"பொடவைக்குச் சேலைன்னு வருது பாருங்க. நான் எங்கக்கா சேலைன்னு சொல்லியிருக்கேன்?"

குந்தவைக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். வேறொரு நாளாக இருந்தால். "நேத்திக்குச் சொன்னத நீ இன்னைக்குச் சொல்ல மாட்டே, நீலா. சேலைன்னும் சொல்லியிருப்பே, மானம் இல்லைன்னும் சொல்லியிருப்பே. நாளைக்கு வந்து மாத்திச் சொல்லுவே. நாங்க அதை எங்க போயி மாத்துறது? என் சம்பந்தி வீட்டுலேருந்து போன் பண்ணிக் கேக்குறாங்க."

மீனை அன்று ஒரத்தநாட்டு ஓட்டல் ஒன்றில் வந்த விலைக்குத் தள்ளினாள். ஓட்டல்காரர் ஏதோ கருத்துக் கேட்டார். அவள் பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். திரும்பும் வழியில் பேச யாருமில்லாததால் தனக்குத்தானே பேசினாள். அவள் பேச்சை அவ்வளவு சேர்த்து வைத்திருப்பவன் அறிவுச்செல்வன் ஒருவன்தான். ஒரு மைல்கல்லில் அவனைத் தூக்கில் போட்டாள், அடுத்ததில் ஆயுள் தண்டனையாகக் குறைத்தாள். யாரோ சொல்லி, கூலிக்காகச் செய்திருப்பானோ என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் அபிநயா பேருந்தேறி வந்துவிட்டாள். இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். பெண் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் வீடியோவைப் பார்த்தார், பழைய வீடியோக்களைப் பார்த்தார், அறிவுச்செல்வனைக் கூப்பிட்டனுப்பினார். அவன் கடைச் சட்டையோடு, கையில் பேனர் பசை காயாமல் வந்து நின்றான். மறுத்துப் பேசவில்லை.

"நான் பேனர் அடிக்கிற தரப்போட தேர்தல் ஆபீஸ்ல கேட்டாங்க மேடம். அக்கா கொரலு என்கிட்ட நிறைய இருந்துச்சு." பிறகு நீலாயதாட்சியைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, நீங்கதான் தெனம் ஒரு கருத்து சொல்லுவீங்களே. இதையும் என்னைக்காச்சும் ஒருநாள் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேங்க்கா."

அவளுக்கு அடி விழுந்தது அங்கேதான். கதவுக்கு அந்தப்பக்கம் நின்று குந்தவை சொன்னதும் இதைத்தானே. வாடிக்கைக்காரிக்கும் ஏமாற்றினவனுக்கும் அவளைப் பற்றி ஒரே அபிப்பிராயம். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பினாள்.

"கேஸ் போடணுமா, இல்ல எழுதி வாங்கிட்டு விட்டுடலாமா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"போடணும்" என்றாள் அபிநயா.

"போடுங்க" என்றாள் நீலாயதாட்சியும். இந்தக் கருத்தில் அவள் மாறவில்லை. ஆனால் தொடர்ந்து சொன்னாள்: "கேச நீங்க எழுதுங்கம்மா. அது பாட்டுக்கு நடக்கட்டும். இவன் உள்ள போறதால ஆலங்கரைக்காட்டுல கதவு தொறக்குமா? எழுதி முடிச்சிட்டு இவன ஒரு மணி நேரம் எனக்குக் குடுங்க."

"வாடகைச் சைக்கிளா அக்கா, குடுத்து வாங்க?" என்று சிரித்தார் சப் இன்ஸ்பெக்டர். "அவரா வந்தா கூட்டிட்டுப் போங்க."

அறிவுச்செல்வன் வந்தான். மொபெட்டின் பின்னால், மீன்பெட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்து வந்தான். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அபிநயா ஊருக்குள் வரும் சிற்றுந்தில் ஏறி முன்னாலேயே வந்து காத்திருந்தாள்.

குந்தவை வீட்டுக்கு எதிரே, அடிபம்பைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள். நடவு முடிந்து வந்தவர்கள் காலில் சேறு காயவில்லை. அறிவுச்செல்வன் செல்போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தான். "மன்னிப்ப வீடியோவாப் போட்டுடறேங்க. எல்லாரும் பாப்பாங்க."

"அத யாரு நம்புறது?" என்றாள் குந்தவை கதவுக்கு உள்ளிருந்தபடி. "அதுவும் நீ பண்ணதாத்தான் இருக்கும். செல்ல உள்ள வெச்சிட்டு வாயால சொல்லு."

அவன் சொன்னான். யார் கேட்டார்கள், எப்படிச் செய்தான், அக்கா அப்படிப் பேசவே இல்லை என்று எல்லாம் சொன்னான். இரண்டு பெண்கள் அவனைத் திட்டினார்கள், ஒருத்தி அவன் அம்மாவைத் தனக்குத் தெரியும் என்றாள். பிறகு, போகச் சொன்னார்கள். சாலைவரை நடந்துபோய்ச் சிற்றுந்துக்காக நின்றான்.

நீலாயதாட்சி வண்டியில் சாவியைப் போடப் போனாள். எல்லாம் முடிந்ததென்று நினைத்தாள்.

"இரு" என்றாள் குந்தவை. "அவன் சொன்னது கெடக்கட்டும். நீ சொல்லலைன்னு இப்ப நம்புறோம். சொல்லலை, சரி. நெனக்கிறது என்ன? பொடவைய வாங்கிட்டுத்தான் நாங்க ஓட்டுப் போடுறோம்னு நெனக்கிறியா, இல்லியா?"

அடிபம்பைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அபிநயாவும் பார்த்தாள். டம்ளருக்கும் ரம்மிக்கும் தீர்ப்புக்கும் கேட்ட மாத்திரத்தில் கருத்து வைத்திருந்தவளுக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பலாம். கதவு திறக்கும், நாளையிலிருந்து மீன் விற்கும். கையில் சாவியை இப்படியும் அப்படியும் உருட்டினாள்.

"நெனச்சிருக்கேங்க்கா" என்றாள். "ஒங்கள மட்டுமில்ல."

சாவியை இருக்கையின் மேல் வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவினாள். மீன்செதில் ஒட்டியிருந்த மஞ்சள் கரை, புதுத்துணி. "எங்க ஊர்ல ஓட்டுக்குன்னு போன வெள்ளிக்கெழம குடுத்தாங்க. வரிசையில நின்னு வாங்கினேன்" என்று சொல்லி, அதை இரண்டு கையாலும் விரித்து, மூடிய கதவுக்கு நேராகக் குந்தவையிடம் நீட்டினாள்.

குந்தவை தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தாள். அந்த முந்தானையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கடையில் துணி எடுக்கிறவளைப் போல, மெல்லத் தேய்த்துப் பார்த்தாள்.