பாதி வழியில் நின்ற ஆட்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மச்சினன் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் விருத்தாசலம் வருவான். இருவரும் கம்ப்யூட்டரில் அமெரிக்கக் கால்பந்து கேம் ஆடுவோம். நான் பந்தைத் தூர உதைத்ததும், அதைப் பிடிப்பவனை மடக்க என் ஆட்கள் ஓட வேண்டும். அவர்களோ பாதி வழியிலேயே நின்றுவிடுவார்கள். அவனுடைய ஆட்கள் மட்டும் பாய்ந்து வருவார்கள்.

“செட்டிங்ஸ்ல கை வச்சியா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“சத்தியமா இல்ல மாமா.”

நான் நம்பவில்லை. அணிகளை மாற்றிக்கொண்டோம். அப்போதும் என் ஆட்களே நின்றார்கள். பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“பந்து பறக்கறப்ப ஏதோ பட்டன அமுக்கிட்டே இருக்கீங்க. அதான் நிக்கறானுங்க.”

உதைத்தவுடன் கையை எடுத்தேன். எல்லோரும் ஓடினார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“ஒனக்கு இது முன்னாடியே தெரியுமா?” என்று மச்சினனிடம் கேட்டேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் நம்பவில்லை.