பத்மாசினி அள்ளிய நல்ல தண்ணீர்

பத்மாசினி அக்கா கீரிமலைப் பக்கத்தவர். என் மூத்த அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். எட்டாம் வகுப்போடு இருவரும் நின்றுவிட்டார்கள். வெங்காயத் தறையில் வேலைக்கு ஆள் தேவைப்பட்ட வீடுகள் எங்களுடையவை. எங்கள் ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள் நான்தான். பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று ஐயா சந்தியில் சைக்கிளை நிறுத்தி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பத்மாசினி அக்கா எங்கள் வீட்டுக்கே வந்து, இனித் தங்களுக்கு ஒன்று விளங்காவிட்டால் என்னிடம்தான் வருவது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்பத்து மூன்றில் அவருக்குக் கலியாணம். கணவர் தம்பிராசா அண்ணை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை அடுக்குபவர். நெடுங்காலம் பிள்ளை இல்லை. நகுலேசுவரம் கோயிலுக்கு நேர்ந்து, எல்லா விரதமும் பிடித்து, எண்பத்தொன்பதில் சேயோன் பிறந்தான். அடுத்த வருடமே ஷெல்லடிக்கு ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. கொக்குவிலில் பூரணம் என்ற ஒரு மனிசியின் வளவில், வீட்டுச் சுவரோடு தென்னோலைக் கிடுகால் ஒரு பத்தி இறக்கிக்கொண்டு இருந்தார்கள். தம்பிராசா அண்ணை கிடைத்த தோட்டத்தில் கூலிக்குக் கொத்தினார்.

பிறந்ததிலிருந்தே சேயோனுக்கு மலம் போவது சிரமம். நாலைந்து நாளைக்கு ஒன்றும் வராது. வயிறு பறை மாதிரி விம்மும். அப்போது வெற்றிலைக் காம்பில் ஆமணக்கெண்ணெய் தொட்டுப் பின்புறத்தில் மெல்ல விட்டால் எல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். பத்மாசினி அக்காவுக்கு அதில் கை படிந்துவிட்டது. தம்பிராசா அண்ணை வேலையால் வந்ததும் வாசல் படலையில் நின்றே, "என்னப்பா, இண்டைக்குத் தேர் அசைஞ்சுதோ?" என்று கேட்பார். அசைந்த நாளில் வீடே சிரிக்கும். அந்தக் காம்பு வேலை செய்துகொண்டிருந்ததால்தான் பிள்ளை உயிரோடு இருந்தான். அது வேலை செய்துகொண்டிருந்ததால்தான் மூன்று வயதுவரை யாரும் அவனை டொக்டரிடம் கொண்டுபோகவும் இல்லை.

அப்போது நான் ஆசுபத்திரியில் டொக்டர் கனகசபாபதியிடம் உதவியாளனாக இருந்தேன். குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்கிறவர். சில பிள்ளைகள் பெருங்குடலின் கடைசித் துண்டில் நரம்புக் கலங்கள் இல்லாமலே பிறக்கின்றன. அந்தத் துண்டு அசையாது. மேலிருந்து வருவது அதன் வாசலில் முட்டி நின்றுவிடும். துண்டை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இறக்கித் தைக்க வேண்டும். சமாதான காலமென்றால் அது முடிகிற காரியம். எங்களிடம் மயக்க மருந்து இல்லை, தையல் நூல் இல்லை, மின்சாரம் தருகிற லைட் மெசினுக்கு எண்ணெய் இல்லை. முதலில் வயிற்றில் துவாரம் வைத்து மலத்தை வெளியே எடுத்துப் பார்த்தார். அதற்குக் கட்டுகிற பை பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குள் வராது. பழந்துணியைக் கட்டிய பிள்ளைகளுக்குத் தோல் அழுகியது, சிலர் தப்பவில்லை. ஆகவே டொக்டர் வேறு ஒரு வழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மெல்லிய இறப்பர் குழாயைப் பின்புறத்தால் விட்டுத் தாய்மாரே வீட்டில் குடலைக் கழுவி, ஒப்பரேசன் செய்ய வசதி வரும்வரை பிள்ளைகளைக் காப்பாற்றி வைத்திருக்க முடியுமா? வீடு வீடாகச் சைக்கிளில் போய், கழுவுகிற விதத்தையும் பிள்ளைகளின் நிறையையும் பார்த்து வருவது என் வேலை.

சேயோனை நான் தற்செயலாகத்தான் கண்டேன். அக்கா குடியிருந்த இடம் தெரிந்து போனபோது, ஈர்க்குக் கால்களும் பானை வயிறுமாகப் படலையில் நின்றான். மறுநாளே டொக்டரிடம் கூட்டிப்போனேன். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். குடலில் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதித்தார். அந்த நோய்தான்.

குழாயால் கழுவுகிற முறையை ஒரு நர்ஸ் பத்மாசினி அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு போத்தல் கொதித்தாறின தண்ணீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. இளஞ்சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விட்டதெல்லாம் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். அக்காவைப் போல் அதை ஒழுங்காகச் செய்த தாய் எங்களிடம் இல்லை. கரண்டியில் குவிந்த உப்பைக் கத்தி முதுகால் வழித்துவிடுவார். சேயோனின் வயிறு இறங்கியது. சோறு கேட்டு அழத் தொடங்கினான். டொக்டர் புதிய தாய்மாருக்கு அவனைத்தான் காட்டினார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு சித்திரையில், செஞ்சிலுவைக் கப்பலில் மயக்க மருந்தும் நூலும் வந்தன. முதல் ஒப்பரேசன் சேயோனுக்கு என்றார் டொக்டர். அதற்குக் குடல் துப்புரவாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தரம் கழுவியதை இனி மூன்று தரம் கழுவச் சொன்னார். அக்கா அன்று ஆசுபத்திரி வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி அவர் முகம் மலர்ந்து நான் பிறகு கண்டதில்லை.

இனி நடந்ததை அக்காவும் பூரணமும் சொல்லித்தான் அறிந்தேன். அடிக்கடி கழுவியதில் பிள்ளையின் தோல் உரிந்து பச்சைப் புண்ணாகிவிட்டது. உப்புத் தண்ணீர் பட்டதும் துடித்துக் கத்தினான். பூரணம் நல்ல மனிசி, அந்தக் கத்தலைப் பொறுக்க முடியாமல் ஓடி வந்து, "பச்சைப் புண்ணிலை உப்பை விடுறாய், நீயும் ஒரு தாயோடி? குசினிக்கை மிளகாய்த்தூளும் கிடக்கு, கொண்டரட்டோ?" என்று கேட்டிருக்கிறார். அக்கா குழாயைப் போட்டுவிட்டு அழுதார்.

அந்த வளவுக் கிணறு கோடையில் உவர்ப்பது. எங்கள் ஊர்களில் பெண் கொடுக்கப் போகிற வீட்டில் முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் வாயில் விட்டுப் பார்ப்பார்கள். உவர்த் தண்ணீர் வீட்டுக்கு மகளைக் கொடுக்க மனம் வராது. விருந்தாளிக்கும் நோயாளிக்கும் நல்ல தண்ணீர். உடுப்புத் தோய்க்க உவர். அப்படி வளர்ந்த ஒரு தாய் நினைக்கக்கூடியதைத்தான் அக்காவும் நினைத்தார். உப்பையும் உவரையும் சேர்த்து விட்டுப் பிள்ளையை வதைக்கிறேனே என்று நினைத்தார். சைக்கிளில் தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு தூரத்துக் கோயில் கிணற்றுக்குப் போய், வெயிலில் வரிசையில் நின்று நல்ல தண்ணீர் அள்ளினார். துணியில் வடித்து, காய்ச்சி, ஆறவைத்து, உப்பில்லாமல் கழுவினார். பிள்ளை கத்தவில்லை. குழாய் உள்ளே இருக்கும்போதே அவர் மடியில் நித்திரையாகிவிட்டான். நல்ல தண்ணீர் அவனுக்கு ஒத்துக்கொண்டது என்று பூரணமும் சொன்னார்.

அந்த நித்திரைதான் பிழை. இரண்டாம் நாள் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தான். தாயைப் பார்த்து யாரோ ஆளைப் பார்ப்பதுபோல் விழித்தான். தம்பிராசா அண்ணை சைக்கிள் கரியரில் அக்காவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்கு வந்து சேர்ந்தபோது வலிப்பு வந்துகொண்டிருந்தது.

டொக்டர் பிள்ளையின் கையில் ஊசியை ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, என்ன தண்ணியிலை கழுவினனீர்?"

"நல்ல தண்ணியிலைதான் ஐயா. கோயில் கிணத்துத் தண்ணி. ஒரு சொட்டு உவர் படவிடேல்லை."

"உப்பு?"

"எரியுதெண்டு துடிச்சவன். அதாலை விட்டிட்டன். தண்ணி நல்லதுதானே ஐயா."

டொக்டர் சரி பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டு, இருந்த மருந்தையெல்லாம் ஏற்றினார். சேயோன் பொழுதுபடமுன் செத்துப்போனான்.

விறாந்தையில் வைத்துத்தான் டொக்டர் எனக்குக் காரணத்தைச் சொன்னார். தாய்க்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன். இப்போது சொல்லி என்ன வரப்போகிறது, நோய்தான் கொண்டுபோனது என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஆனால் மற்றத் தாய்மாருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதே. அடுத்த கிளினிக் நாளில் டொக்டர் எல்லாரையும் நீள வாங்கில் இருத்தினார். உப்பை இனி வீட்டில் அளக்கத் தேவையில்லை, நாங்களே பொட்டலமாகக் கட்டித் தருவோம் என்றார். பிறகு, உப்பில்லாத தண்ணீரைக் குடல் அப்படியே உறிஞ்சிவிடும், இரத்தத்தில் உள்ள உப்பு ஐதாகும், மூளை வீங்கும், பிள்ளை முதலில் அமைதியாக நித்திரை கொள்ளும், அந்த நித்திரையைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார். நான் பொட்டலங்களோடு திரும்பியபோதுதான் தூணோடு பத்மாசினி அக்கா நிற்பதைக் கண்டேன். கையில் அந்த இறப்பர் குழாய், கழுவித் துணியில் சுற்றி. வேறொரு பிள்ளைக்கு உதவும் என்று கொண்டுவந்திருக்கிறார்.

டொக்டரும் கண்டுவிட்டார். பேச்சு நின்றது. அக்கா கிட்ட வந்தார்.

"அண்டைக்கு எந்தத் தண்ணி எண்டு கேட்டனீங்கள். தெரிஞ்சுதான் கேட்டனீங்களோ ஐயா?"

"ஓம் பிள்ளை." டொக்டர் தலையை நிமிர்த்தவில்லை. "ஏன் உப்புப் போடவேணுமெண்டு நாங்கள் உமக்கு விளங்கப்படுத்தியிருக்க வேணும். போடச் சொன்னம், அவ்வளவுதான். அது எங்கடை பிழை."

அக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"வருத்தம் கொண்டுபோட்டுதெண்டு சொல்லித்தான் ஐயா இவ்வளவு நாளும் அழுதனான். இனி என்னெண்டு சொல்லி அழுறது?"

டொக்டர் எத்தனை வருடம் எங்கெங்கே படித்தவர், நான் எங்கள் ஒழுங்கையின் முதல் பட்டதாரி. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குழாயை மேசையில் வைத்துவிட்டு அக்கா வெளியே போனார். நான் பின்னால் போனேன். வாசலுக்குக் கிட்ட நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"தம்பி, வெளியிலை நிக்கிற அண்ணைக்குச் சொல்லிப்போடாதை. பூரணமக்காவுக்கும் வேண்டாம், அந்த மனிசி தான் சொன்னதாலை எண்டு செத்துப்போகும். ஒருத்தி சுமக்கிறது காணும்."

தம்பிராசா அண்ணை வெளியே சைக்கிளோடு நின்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். உள்ளே சனம் என்றார் அக்கா.

டொக்டரின் ஆராய்ச்சி நடக்கிறது. மருந்து வரும்போது ஒப்பரேசன், வராதபோது குழாயும் பொட்டலமும். சில பிள்ளைகள் தப்பியிருக்கிறார்கள். அவர்களின் பெயரைச் சொல்லி அக்காவை ஆறுதல்படுத்த ஒருமுறை முயன்றேன், பிறகு விட்டுவிட்டேன்.

பூரணம் கொழும்புக்குப் போய்விட்டார். தம்பிராசா அண்ணை இந்த வருடத் தொடக்கத்தில் தோட்டத்தில் வைத்து நெஞ்சு வலித்து விழுந்து காலமானார். அதன் பிறகுதான், பெயர்களை மாற்றி இதை எழுத அக்கா சம்மதித்தார். அண்ணை கடைசிவரை இராச்சோற்றுக்கு முன்னால் அந்த நோயைத் திட்டுவாராம், ஒரு ஆளைத் திட்டுவதுபோல, என்ரை பிள்ளையைத் தின்ற நாசமறுப்பு என்று. பிள்ளை போன பிறகு வந்த அந்த இரண்டு வருடமும், அவர் திட்டத் திட்ட, எதிரே இருந்து சோறு போட்டபடி அக்கா "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.