மைதானமே சொன்ன பெயர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். அதனால் உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை பின்னேரம். மெல்பேர்னில் டண்டினொங் பக்கம் ஒரு உதைபந்தாட்ட மைதானம். அந்தக் காலத்தில் ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊரில் இருந்ததுபோலவே கட்டினார்களாம். கதிரை கிடையாது, படிக்கட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். எல்லார் கழுத்திலும் கம்பளிச் சால்வை, கையில் பியர், ஒரு பக்கம் மேளம், ஒரு பக்கம் சொசேஜ் சுடுகிற புகை. என் பேத்தி அங்கே பெண்கள் அணியில் விளையாடுகிறாள். மருமகள் என்னையும் கூட்டிப் போனாள்.

பேத்தி கோல் போட்டாள். ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரைச் சொன்னார்கள். உடனே சனம் முழுவதும் ஒரே குரலில் என் புருஷனின் பெயரைக் கத்தியது. ஒரு தரமல்ல, மூன்று தரம்.

ஊரில் அவர் தபாலதிபர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நானும் சொன்னதில்லை, விசா அலுவலகத்தில் கேட்டபோதுகூடக் கடதாசியைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பெயர்தான் இங்கே குடும்பப் பெயராகிப் பேத்தியின் சட்டை முதுகில் இருக்கிறது என்பது அந்த நேரம் என் புத்திக்கு எட்டவில்லை. செத்துப்போன மனுஷனை இப்படிக் கூவுகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்று கத்திய வெள்ளைக்காரக் கிழவரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அவர் மரியாதையா வாழ்ந்த மனுசன். அவரின்ர பேரை இப்பிடிக் கத்தக்கூடாது.”

தமிழில்தான் சொன்னேன். மருமகள் வெட்கத்தோடு இங்கிலீசில் விளங்கப்படுத்தினாள். கிழவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். கோல் போட்டவரின் பெயரில் முதல் பாதியை ஒலிபெருக்கி சொல்லும், மறு பாதியைச் சனம் சொல்ல வேண்டும், அது தங்கள் நாட்டு வழக்கம், சொல்லாமல் விட்டால்தான் அவமரியாதை என்றாராம். பிறகு, உங்கள் முறையில் மரியாதைக்கு என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டார்.

“ஐயா எண்டு சொல்லச் சொல்லு,” என்றேன் மருமகளிடம்.

இந்த நாட்டு மண்ணை மிதிக்காமலே போனவர் அவர். அவர் பெயரை இங்கே யார் சொல்லப்போகிறார்கள் என்று எத்தனை நாள் நினைத்து அழுதிருப்பேன். இத்தனை பேர் சொல்ல, நானே அதை நிறுத்தப் பார்த்தேனே.

பேத்தி இன்னொரு கோல் போட்டாள். சனம் கத்தியது. கிழவர் மட்டும் கொஞ்சம் பிந்தி, தனியே, “ஐயா” என்றார். இரண்டாம் தரம் கத்தும்போது நானும் அந்தப் பெயரைச் சொன்னேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் தரம் கேட்டது.

வீட்டில் இன்றைக்கும் அந்தப் பெயர் என் வாயில் வராது. அங்கே சனத்தோடு நின்றால் வரும்.

இஞ்ச வா பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அப்பப்பாவின்ர பேரைத் தேடாதை, அதை நான் எழுதேல்லை.